கொக்குக்கு வைத்த சந்தனம்

எங்கள் கம்பெனியில் வாத்து செய்கிறோம் என்று சொன்னால் யாரும் சிரிப்பதில்லை. ஏரிப் பூங்காக்களில் குடும்பத்தோடு உட்கார்ந்து மிதிப்பார்களே, கழுத்தை வளைத்துக்கொண்டு, கண்ணுக்கு மை தீட்டிக்கொண்டு நிற்குமே, அந்த வாத்துப் படகு. விமானமும் செய்கிறோம் என்று சொன்னால்தான் சாத்தூரில் இருக்கிற என் நாத்தனார் வரைக்கும் சிரிப்பாள். போன பொங்கலுக்குப் போயிருந்தபோது, "மதினி, பறக்கையில அட்டை பிய்ஞ்சிராம பாத்துக்கோங்க" என்றாள். அட்டையாம். நாள் முழுக்க ஃபைபர் ஒட்டி ஒட்டி உடம்பெல்லாம் அரிப்பெடுத்துக் கிடப்பவளிடம் பேசுகிற பேச்சா அது? அவள் வைத்த காபியைக் குடிக்காமலே எழுந்து வந்துவிட்டேன்.

என் பெயர் முத்துமணி. வீட்டுக்காரருக்கு ஓசூரில் கார் பாகம் செய்கிற கம்பெனியில் வேலை கிடைத்ததால் இங்கே வந்தோம். எனக்கு வீட்டில் சும்மா உட்கார வராது. இந்தப் படகு ஷெட்டில் சேர்ந்தேன். இப்போது ஃபைபர் பிரிவுக்கு நான்தான் பொறுப்பு. எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்று எல்லோரும் சொல்வார்கள். சொல்லட்டும், பொய்யில்லையே.

ஷெட்டை நடத்துவது பிரவீனா. முப்பது வயதுகூட இருக்காது. பெரிய தொழிற்சாலை ஒன்றில் நல்ல வேலையில் இருந்தவள், விட்டுவிட்டு வந்து வாத்தும் துடுப்புப் படகும் செய்ய ஆரம்பித்தாள். சோறு போடுவது வாத்துதான். ஆனால் அவள் உயிர் விமானத்தில் இருந்தது. பெங்களூரு பக்கம் போய் விமானம் ஓட்டக் கற்று லைசென்ஸ் வாங்கினாள். அவளும் அவள் புருஷன் நவீன்குமாரும் உட்கார்ந்து வரைந்து வரைந்து ஒன்றை உருவாக்கினார்கள். இரண்டு பேர் உட்காரலாம். அடிப்பாகம் படகு மாதிரி இருக்கும், தண்ணீரிலிருந்தே எழும்பித் தண்ணீரிலேயே இறங்கும். வாங்குகிறவர் பாகங்களை எடுத்துப்போய் வீட்டிலேயே பூட்டிக்கொள்ளலாம். அதற்கு ஏதோ இங்கிலீஷ் பெயர் வைத்திருந்தாள். நாங்கள் கொக்கு என்றுதான் கூப்பிட்டோம்.

ஷெட் இருக்கிற இடத்தில் முன்பு பிரவீனாவின் அப்பா மாதப்பனின் ரோஜாத் தோட்டம் இருந்தது. பாலித்தீன் கூரை போட்ட பெரிய பசுமைக்குடில். ஒரே மகள் கேட்டாளே என்று இடத்தைக் கொடுத்தார். கொடுத்தவர் பிறகு ஒரு நாள் அவளிடம் பேசுவதை நிறுத்தினார். ரோஜாவைப் பிடுங்கிய கோபம் என்று ஊரில் சொன்னார்கள். எனக்கு அது அப்போதே பொருந்தவில்லை. படகு செய்தவரைக்கும் அவர் முகம் கொடுத்துத்தான் பேசினார். இறக்கை வார்க்கிற அச்சு ஷெட்டுக்குள் வந்து, மகள் பறக்கத்தான் போகிறாள் என்று புரிந்த அன்றுதான் அவர் வாய் மூடிக்கொண்டது.

அதற்கப்புறம் எல்லாம் என் வழியாகத்தான். பக்கத்து வயலில் ராகிக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டே என்னைக் கூப்பிடுவார். அந்தப் புள்ளைய மத்தியானம் சாப்பிடச் சொல்லு என்பார். நான் போய்ச் சொன்னால், சாப்பிட்டாச்சுன்னு சொல்லிடுங்க அக்கா என்பாள் மகள். இவருக்கும் அவளுக்கும் நடுவில் பத்தடி வரப்பு. நான் என்ன போஸ்ட்மேனா என்று ஒரு நாள் இரண்டு பேரையும் பார்த்துக் கத்திவிட்டேன். இரண்டு பேரும் ஒரே மாதிரி சிரித்தார்கள், மறுநாள் மறுபடியும் என்னையே கூப்பிட்டார்கள்.

அனுமதிப் பேப்பரெல்லாம் வந்து, கொக்கு முதல்முறையாகப் பறக்கப்போகிற நாள் கார்த்திகையில் வந்தது. ஷெட்டுக்குப் பின்னால் ஏரி. கெலவரப்பள்ளி அணை வாய்க்கால் தண்ணீர் வந்து கரை தொட நின்றது. அதற்கு முன்பு பல மாதங்களாகப் பிரவீனா அந்தத் தண்ணீர்மேல் கொக்கை ஓட்டி ஓட்டிப் பழகியிருந்தாள், எழுப்பியதில்லை. காற்று அசையாத காலை நேரம்தான் முதல் பறப்புக்கு நல்லது என்று அதிகாலையிலேயே எல்லோரையும் வரச் சொல்லியிருந்தாள்.

ஏரிக்குள் இறங்குகிற சிமெண்டுச் சரிவில் கொக்கு தன் சின்னச் சக்கரங்களில் நின்றது. பிரவீனா அதைச் சுற்றி வந்து ஒவ்வொரு பாகத்தையும் விரலால் தொட்டுத் தொட்டுச் சரிபார்த்தாள். இறக்கையைத் தாங்கும் கம்பியில் சுண்டுவிரல் தடிமனில் ஒரு குழாய் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும். காற்று அதன் வாய்க்குள் மோதுவதை வைத்துத்தான் உள்ளே வேகம் காட்டும் முள் ஓடும். வேகம் குறைந்தால் கொக்கு கல்லாக விழும். வேகம் கூடி இறங்கினால் தண்ணீரே அதைத் தூக்கி அடித்துவிடும். அதனால் அந்தக் குழாய்க்குத் தூசி போகாமல் சிவப்புத் துணியில் உறை தைத்துப் போட்டிருந்தோம். பிரவீனா கடைசியாக அந்த உறையைக் கழற்றினாள். அது கழன்றபிறகு யாரும் கொக்கைத் தொடக்கூடாது என்பது ஷெட்டின் சட்டம்.

அந்த நேரம் பார்த்து மாதப்பன் வந்தார். வெள்ளை வேட்டி, கையில் பித்தளைத் தட்டு. தட்டில் சந்தனம், குங்குமம், எலுமிச்சம்பழம், கற்பூரம். இறக்கை வந்த நாளிலிருந்து ஷெட்டுப் பக்கமே காலெடுத்து வைக்காத மனிதர். எல்லோரும் வேலையை விட்டுவிட்டு நின்றோம். புது டிராக்டர் வந்தால் என்ன செய்வாரோ அதையே செய்தார். சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தார். மூக்கில் பொட்டு வைத்தார், வாலில் வைத்தார், பின்னால் இருக்கிற விசிறியில் வைத்தார். சட்டென்று தீப்பிடிக்கிற ரெசின் பசை டப்பா இருக்கிற பக்கம் கற்பூரத்தைக் கொண்டுபோகப் பார்த்தார், நான் குறுக்கே நின்று அந்தாண்டை கொளுத்தச் சொன்னேன். மறுபேச்சில்லாமல் கேட்டுக்கொண்டார்.

சட்டத்தைச் சொல்லி அவரை நிறுத்த யாருக்கும் மனசு வரவில்லை. பிரவீனாவுக்குச் சுத்தமாக வரவில்லை. கொக்குக்குப் பக்கத்தில் தலையைக் கொஞ்சம் குனிந்து நின்றாள், தனக்கும் வைப்பார் என்று. மாதப்பன் தட்டோடு அவளைத் தாண்டிப் போனார். இரும்புக்கும் ஃபைபருக்கும் வைத்த மனிதர் பெற்ற பிள்ளை நெற்றிக்கு வைக்கவில்லை. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்தத் தட்டைப் பிடுங்கி ஏரியில் வீசியிருப்பேன். பிரவீனா என்னைப் பார்த்து வேண்டாம் என்று கண்ணால் சொன்னாள்.

பிறகு ஏறி உட்கார்ந்தாள். நவீன்குமார் ஒரு வாக்கி டாக்கியை என் கையில் கொடுத்துவிட்டு, இன்னொன்றோடு மோட்டார் படகில் ஏறி ஏரியின் நடுப்பக்கம் போனான். ஏதாவது ஆனால் தூக்குவதற்கு அந்தப் படகு. எலுமிச்சம்பழங்களை நசுக்கிக்கொண்டு கொக்கு தண்ணீரில் இறங்கியது.

நான் இதைச் சொன்னால் நம்புவீர்களோ என்னவோ. அதன் அடிவயிற்றை நான் கீழேயிருந்து அண்ணாந்து பார்த்ததே இல்லை. அச்சில் கவிழ்ந்து கிடக்கும்போது ஒட்டினோம், ரோலர் போட்டோம், நாள்கணக்காகத் தேய்த்தோம். அன்று அது தண்ணீரைக் கிழித்துக்கொண்டு ஓடியது. முதலில் பாதி உடம்பு நனைந்து ஓடியது. அப்புறம் வெறும் அடி மட்டும் தண்ணீரைத் தொட்டது. அப்புறம் இரண்டு நூல் மாதிரி தண்ணீர் தொங்கியது. அதுவும் அறுந்தது. எங்கள் தலைக்கு மேலே கொக்கு போனது. வெயில் பட்ட அந்த வயிற்றில் நான் உப்புத்தாள் போட்டுத் தேய்த்த இடம் எனக்குத் தெரிந்தது.

யாரும் கை தட்டவில்லை. கூட வேலை செய்கிற வெங்கடம்மா அப்படியே கையெடுத்துக் கும்பிட்டாள். எங்கள் கை, பசை ஒட்டி வெடித்துப்போன இந்தக் கை, இது செய்த ஒன்று ஆகாயத்தில் போகிறது. என் நாத்தனார் அப்போது பக்கத்தில் இருந்திருந்தால் அவளையும் கட்டிப்பிடித்திருப்பேன். மாதப்பன் என் பக்கத்தில் வாயைத் திறந்தபடி அண்ணாந்து நின்றார், துண்டு தோளிலிருந்து நழுவி விழுந்தது அவருக்குத் தெரியவில்லை.

வாக்கி டாக்கியில் பிரவீனாவின் குரல் வந்தது. குழந்தை பேசுவது மாதிரி இருந்தது.

"அக்கா, சானமாவுக் காடு தெரியுது. யானைங்க போவுது அக்கா. கூட்டமா. நடுவுல குட்டி ஒண்ணு ஓடுது."

மாதப்பன் தன் ராகிக் கொல்லைக்கு வருகிற யானைகளை ராத்திரி முழுக்கத் திட்டித் தீர்ப்பவர். அன்று அந்தக் கூட்டம் எந்தப் பக்கம் போகிறது என்றுகூடக் கேட்கவில்லை. குட்டி ஓடுதாம் என்று எனக்கே திருப்பிச் சொன்னார்.

கொக்கு ஏரியை ஒரு சுற்று சுற்றி வந்தது. மறுபடி குரல் வந்தபோது அதில் குழந்தை இல்லை.

"அக்கா, அப்பா பக்கத்துல இருக்காரா?"

நான் மாதப்பனைப் பார்த்தேன். அவர் கையை அசைத்தார். இல்லை என்று சொல்லச் சொன்னார். எனக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை, ஆனால் அந்த முகத்தைப் பார்த்து மறுக்க முடியவில்லை. இல்லம்மா, தூரத்துல நிக்கறார் என்றேன்.

"வேகம் காட்டுற முள் சைபர்ல நிக்குது அக்கா. இங்கிருந்தே தெரியுது, குழாய் வாயெல்லாம் மஞ்சளா இருக்கு. அப்பா வெச்ச சந்தனம். காத்து அதை உள்ள தள்ளிடுச்சு. அவருக்கு இது தெரிய வேணாம். நான் எப்படி எறங்குனாலும் சரி, ஒயரு லூசாயிடுச்சுன்னு சொல்லிடுங்க."

எப்படி இறங்கினாலும் சரி என்றாள். குழாயின் ஓட்டை மூக்குத் துவாரம் மாதிரி இருந்ததால் அவர் அதன் விளிம்பிலும் ஒரு பொட்டு வைத்திருக்கிறார், வழிந்துவிடக் கூடாது என்று கெட்டியாகவே அப்பியிருக்கிறார். உறை கழற்றியபிறகு யாராவது தொட்டால் மறுபடி முதலிலிருந்து பார்க்க வேண்டும். அப்பா வந்த சந்தோஷத்தில் அவள் பார்க்கவில்லை. அவ்வளவுதான் நடந்தது. மாதப்பன் சந்தனம் காய்ந்திருந்த தன் விரலையே பார்த்துக்கொண்டு நின்றார்.

நடு ஏரியிலிருந்து நவீன்குமார் பேசினான். குரலில் நடுக்கம் இல்லை, அந்தப் பையனை அன்றுதான் மதித்தேன். முள்ளை மறந்துவிடு, இன்ஜின் சத்தத்தையும் காற்றுச் சத்தத்தையும் கேள், தண்ணீரில் ஓட்டிப் பழகியபோது கேட்ட அதே சத்தம்தான் என்றான். கேட்கிறது, சமாளித்துவிடுவேன் என்றாள் பிரவீனா. ஆனால் வேறொன்று சொன்னாள். ஏரி கண்ணாடியாக இருக்கிறது, தண்ணீர் எங்கே ஆரம்பிக்கிறது என்றே தெரியவில்லை, வானம்தான் கீழேயும் தெரிகிறது. எவ்வளவு உயரத்தில் இருக்கிறோம் என்று தெரியாமல் வேகமும் தெரியாமல் இறங்க முடியாது.

நவீன்குமார் மோட்டார் படகைக் குறுக்கே ஓட்டி அலை எழுப்பினான். பெரிய ஏரி அது. ஓர் ஓரம் கலங்கும்போது மறு ஓரம் மறுபடி கண்ணாடியானது.

"அக்கா, வாத்துங்கள எறக்குங்க" என்றாள் பிரவீனா.

கரையில் டெலிவரிக்குத் தயாராகப் புது வாத்துகள் வரிசையாக நின்றன. பிளாஸ்டிக் தாள்கூடப் பிரிக்கவில்லை. வெங்கடம்மாவும் மற்றவர்களும் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு இரண்டிரண்டு பேராக ஏறினார்கள். நான் ஒன்றைத் தள்ளிக்கொண்டு இறங்கினேன். யாரோ பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்கள். பார்த்தால் மாதப்பன், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு. லைஃப் ஜாக்கெட் போடாமல் என் படகில் யாரும் வரமுடியாது என்றேன். குழந்தை மாதிரி கையை நீட்டினார், மாட்டிவிட்டேன்.

மிதித்தோம். வாத்துப் படகை ஜாலிக்கு மிதிப்பவர்களைத்தான் நீங்கள் பார்த்திருப்பீர்கள். அன்று நாங்கள் மிதித்ததைப் பார்த்திருந்தால் தெரியும். ஏரியின் நீளத்துக்கும் வாத்துகள் இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்குமாகப் போய்ப்போய் வந்தன. தண்ணீர் சுருங்கியது, சுருங்கி அலையானது, அலைமேல் வெயில் உடைந்தது. நான் மூச்சு வாங்கி நிறுத்தினாலும் மாதப்பன் நிறுத்தவில்லை. என் பக்கத்து மிதியும் சேர்ந்து தானாகச் சுற்றியது, அவ்வளவு வேகம்.

இப்போது தண்ணீர் தெரிகிறது என்று பிரவீனாவின் குரல் வந்தது. நவீன்குமார் விசில் ஊதினான். எல்லா வாத்துகளும் இரண்டு பக்கமும் கரையோரம் ஒதுங்கின. நடுவில் அலையடிக்கிற ஒரு பாதை மட்டும் இருந்தது.

தூரத்துக் கரைமேல் கொக்கு தாழ்ந்து வந்தது. இன்ஜின் சத்தம் குறைந்தது. இன்னும் குறைந்தது. மூக்கு லேசாகத் தூக்கியது. மாதப்பன் முணுமுணுக்க ஆரம்பித்தார். அவருடைய மாடுகளெல்லாம் குந்தாரப்பள்ளிச் சந்தையில் வாங்கியவை, கர்நாடகத்துப் பக்கத்திலிருந்து வந்தவை. அவற்றோடு கன்னடத்தில்தான் பேசுவார். மிரண்ட காளையைப் பள்ளத்தில் இறக்கும்போது சொல்வாரே, அதையேதான் சொன்னார். "நிதானா, நிதானா, நிதானா மகளே." மகளே என்று மாட்டைச் சொன்னதில்லை.

கொக்கின் வயிறு முதல் அலையின் தலையைத் தொட்டது. எழும்பியது, என் உயிர் போனது. மறுபடி தொட்டது, இந்தமுறை எழும்பவில்லை. தண்ணீர் இரண்டு பக்கமும் வெள்ளையாகப் பிரிந்து நின்றது. எங்கள் வாத்துகளுக்கு நடுவே அந்தப் பெரிய வெள்ளை உடம்பு சத்தமில்லாமல் வழுக்கிக்கொண்டு போனது. அது எழுப்பிய அலையில் எங்கள் வாத்துகளெல்லாம் ஒவ்வொன்றாகத் தலையாட்டின. நான் அழுதேன். வெட்கம் என்ன இதில், நன்றாகவே அழுதேன்.

நாங்கள் மிதித்து வந்து சேர்வதற்குள் பிரவீனா கொக்கைச் சரிவில் ஏற்றிவிட்டு இறங்கி நின்றாள். மோட்டார் படகில் முன்னாலேயே வந்துவிட்ட நவீன்குமார் அவளைத் தாங்கிப் பிடித்திருந்தான். அப்பாவைப் பார்த்ததும் நிமிர்ந்துகொண்டாள். என்னைப் பார்த்துத்தான் சொன்னாள், ஆனால் அவருக்குக் கேட்கிற மாதிரி. ஒயரு ஒண்ணு லூசா இருந்துச்சு அக்கா, வேற ஒண்ணுமில்ல.

நானும் ஆமாம் ஒயர்தான் என்றேன்.

மாதப்பன் லைஃப் ஜாக்கெட்டைக்கூடக் கழற்றாமல் இறக்கைக்கடியில் போனார். கீழே கிடந்த துண்டை எடுத்து அந்தக் குழாயின் வாயைத் துடைத்தார். மஞ்சள் போகும்வரை துடைத்தார். பிரவீனாவின் முகம் வெளுத்துப்போனது. அப்புறம் அவர் சரிவின் ஓரத்தில் வைத்திருந்த பித்தளைத் தட்டை எடுத்தார். மிச்சமிருந்த சந்தனம் வெயிலில் காய்ந்து வெடித்திருந்தது. ஏரியில் குனிந்து கொஞ்சம் தண்ணீர் அள்ளி விட்டு விரலால் குழைத்தார்.

மகள் முன்னால் வந்து நின்றார். அவள் தலையைக் குனிந்தாள். அவர் வைத்த பொட்டு நெற்றி பூராவும் ஈஷிக்கொண்டது.

"வெக்க வேண்டிய எடத்துல வெக்காம, வெக்கக் கூடாத எடத்துல வெச்சிட்டன் கண்ணு" என்றார்.

பிரவீனா சட்டென்று என் பக்கம் திரும்பினாள். தூரத்துல நிக்கறார்னு சொன்னீங்களே என்று அந்தக் கண் கேட்டது. நான் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் அவரே அவளிடம் கேட்டார், அந்த யானைக்குட்டி எவ்ளோ பெருசு இருந்துச்சு என்று. அவள் அழுதுகொண்டே கையை விரித்துக் காட்டினாள். அப்புறம் இரண்டு பேரும் ஏதேதோ பேச ஆரம்பித்தார்கள். நடுவில் எனக்கு வேலை இல்லை. கட்டாமல் விட்டிருந்த வாத்து தண்ணீரில் விலகிப் போய்க்கொண்டிருந்தது, அதைப் பிடித்துக் கட்டப் போனேன்.